நாப்பத்தேழாம் நம்பர் ரோடும், சுவத்துல இருக்கிற மூணு ஓட்டையும்

இன்னைக்கு எபிசோடு எலக்ட்ரிக் கார் பத்தி. ஆனா எந்த மாடல் நல்லது, எவ்வளவு ரேஞ்ச் தருது, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு பேசப் போறதில்ல. புதுசா கார் வாங்கினவர் அன்னைக்கு ராத்திரி போர்ட்டிகோவுல சார்ஜர் வயரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பார் பாருங்க. "இதை இந்த பிளக்ல மாட்டிட்டுத் தூங்கப் போகலாமா?"ன்னு ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல நீளமான வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

அவர் வீடு தக்கலையில இருக்குன்னு வச்சுக்குவோம். ஏன் தக்கலைன்னு கேட்டா, அந்த ஊர் வழியா போற ரோடுதான் காரணம்.

ஒரே ரோடு, மூணு காலம்

தக்கலை, கன்னியாகுமரி மாவட்டத்துல கல்குளம் தாலுகாவோட தலைமையிடம். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போறவங்களுக்குப் பழக்கமான ஊர். ஊர் வழியா போற நெடுஞ்சாலைக்கு இன்னைக்குப் பேர் என்.எச். 66. ஆனா நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி ரொம்ப காலம் அது என்.எச். 47. சேலத்துல ஆரம்பிச்சு கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி, கொச்சி, ஆலப்புழா, கொல்லம், திருவனந்தபுரம்னு இறங்கி, தக்கலை, நாகர்கோவில் வழியா கன்னியாகுமரியில போய் முடியுற ரோடு.

இந்த ரோட்டோட தெற்குப் பகுதியில 1938 பிப்ரவரியில ஒரு புது விஷயம் நடந்தது. அப்போ இந்தப் பகுதியெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழ்நாட்டோட இணைஞ்சது 1956 நவம்பர் 1-ல தான். சமஸ்தான அரசு, லண்டன் போக்குவரத்து நிறுவனத்துல வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டர் என்பவரைக் கூட்டிட்டு வந்து, அரசு பஸ் சேவையை ஆரம்பிச்சது. தொடக்க வழித்தடம் திருவனந்தபுரம் – நாகர்கோவில். டீசல் பஸ்கள், தக்கலை வழியாத்தான் போச்சு.

அன்னையிலிருந்து இந்த ரோட்டுல ஒரு வேலைப் பிரிவினை உருவாச்சு. வண்டி ஓட்டுறது ஒருத்தர் வேலை, வண்டிக்கு எண்ணெய் ஊத்துறது இன்னொருத்தர் வேலை. டிப்போவுல அதுக்கு ஆள் உண்டு. பெட்ரோல் பங்க்ல ஆள் உண்டு. அங்க மணல் வாளி தொங்கும், 'புகை பிடிக்காதீர்'னு போர்டு இருக்கும், லைசென்ஸ் இருக்கும், ஆபீசர் வந்து செக் பண்ணுவார். எரிபொருளோட ஆபத்தைக் கையாளுற பொறுப்பு வீட்டுக்காரர் தலையில இல்ல.

அடுத்த காலம் 1993. அந்த வருஷம் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல 'லவ்பேர்ட்'னு ஒரு குட்டி கார் வந்தது. ரெண்டு பேர் உட்காரலாம். இந்தியாவோட முதல் எலக்ட்ரிக் கார்னு சொல்றது இதைத்தான். ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோட கூட்டு சேர்ந்து இதைச் செஞ்சது எடி எலக்ட்ரிக். எங்க இருந்து? கேரளாவுல சாலக்குடி. அதாவது அதே நாப்பத்தேழாம் நம்பர் ரோட்டு ஊர். ஈய அமில பேட்டரி, ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா சுமார் 60 கிலோமீட்டர் ஓடும்னு சொன்னாங்க. திருவனந்தபுரத்துல கிளம்பினா தக்கலையைத் தொட்டுரும். நாகர்கோவில் போய்ச் சேருமாங்கிறது சந்தேகம்தான். கொஞ்சம் கார்கள்தான் வித்துது. அதோட கதை முடிஞ்சது.

மூணாவது காலம் இப்போ. 2020-க்கு அப்புறம் வந்த கார்கள் இதே ரோட்டுல திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி போயிட்டு, சார்ஜ் மிச்சம் வச்சுக்கிட்டுத் திரும்பி வருது. இன்னைக்குத் தூரம் பெரிய பிரச்னை இல்ல. ஆனா அந்தப் பழைய வேலைப் பிரிவினை உடைஞ்சிருச்சு. பங்க்ல இருந்த பொறுப்பு மொத்தமும் வீட்டுப் போர்ட்டிகோவுக்கு வந்திருச்சு. உங்க வீடுதான் இப்போ பங்க். நீங்கதான் பங்க்காரர்.

பேட்டரி தண்ணி காலம்

சார்ஜ் போடற பொறுப்பைச் சரியா செய்யாததால எலக்ட்ரிக் வண்டிகள் தோத்துப்போனது இது முதல் தடவை இல்ல. கொஞ்சம் பின்னாடி போவோம்.

திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணக்கூடிய பேட்டரியை 1859-ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஈயத் தகடுகள், கந்தக அமிலம். 1881-ல கமீய் ஃபோர் அந்தத் தகட்டை மேம்படுத்தினதும் அது தொழிற்சாலையில செய்யுற பொருளாச்சு. 1897-ல லண்டன் தெருவுல எலக்ட்ரிக் வாடகை வண்டி ஓடுச்சு. ரெண்டே வருஷம்தான், சேவை நின்னுபோச்சு. தெருவோட குலுக்கல்ல பேட்டரியும் தாங்கல, டயரும் தாங்கல.

அதே காலத்துல நியூயார்க்லயும் எலக்ட்ரிக் டாக்ஸி வந்தது. அவங்க கெட்டிக்காரத்தனமா ஒரு வழி வச்சிருந்தாங்க. சார்ஜ் தீர்ந்த பேட்டரியை டிப்போவுல கழட்டிட்டு, சில நிமிஷத்துல சார்ஜ் ஆன பேட்டரியை மாட்டி அனுப்புவாங்க. இன்னைக்கு நாம 'பேட்டரி ஸ்வாப்பிங்'னு புதுசா பேசுறோமே, அதேதான். ஆனா அந்த கம்பெனி 1907-ல கவுந்திருச்சு. பண முறைகேடு, நிர்வாகக் குழப்பம்னு காரணங்கள் நிறைய. அதுல ஒண்ணு, பேட்டரிகளைச் சரியா பராமரிக்கத் தெரியாம சீக்கிரமே பாழாக்கினது.

இதுக்கு நேர் எதிரா ஒரு உதாரணமும் அமெரிக்காவுலயே இருக்கு. ஹார்ட்ஃபோர்ட்ங்கிற ஊர்ல மின்சார கம்பெனி 1910-கள்ல இருந்து 1924 வரைக்கும் எலக்ட்ரிக் லாரிகளுக்கு பேட்டரி சேவை நடத்துச்சு. நீங்க லாரியை மட்டும் வாங்கினா போதும். பேட்டரி கம்பெனியோடது, அதைப் பார்த்துக்கிறது கம்பெனி ஆட்கள். ஓடின தூரத்துக்குக் காசு. அது பல வருஷம் ஓடுச்சு. ரெண்டு இடத்துலயும் அடிப்படையில ஈய அமில பேட்டரிதான். ஒரு இடத்துல பேட்டரி தெரிஞ்சவங்க பார்த்துக்கிட்டாங்க. இன்னொரு இடத்துல அப்படி இல்ல.

ஈய அமில பேட்டரிக்கு என்ன வளர்ப்பு முறை? மூணு விஷயம். ஒண்ணு, முழுசா சார்ஜ் பண்ணி வைக்கணும். காலியா விட்டா தகட்டு மேல ஈய சல்பேட் படிகமா படிஞ்சு இறுகிரும், அப்புறம் சார்ஜ் ஏறாது. ரெண்டு, சார்ஜ் ஆகும்போது உள்ளே இருக்கிற தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்ஸிஜனாவும் பிரிஞ்சு வெளியே போகும். அதனால தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். மூணு, அந்த ஹைட்ரஜன் காத்துல நாலு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதனால சார்ஜ் போடற இடம் காத்தோட்டமா இருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிதான். தக்கலையில மட்டுமில்ல, தமிழ்நாட்டுல எந்த வீட்டுலயும், "லே மக்கா, பேட்டரிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"ன்னு அப்பாவோ மாமாவோ கேட்டிருப்பாங்க. 2001-ல பெங்களூருல இருந்து வந்த ரேவா காரும் இதே வம்சம்தான். எட்டு ஈய அமில பேட்டரி, மொத்தம் 48 வோல்ட், வீட்டு 15 ஆம்ப் பிளக்ல சார்ஜ். அதுக்கும் தண்ணி ஊத்தணும். அந்த கார் 'ஜி-விஸ்'ங்கிற பேர்ல லண்டன் தெருவுலயும் ஓடுச்சு.

ஆக, பேட்டரின்னா முழுசா நிரப்பி வை, எப்பவும் பிளக்லயே விட்டு வை, தண்ணி பாரு. ரெண்டு மூணு தலைமுறையா கையில ஊறின பழக்கம் இது. நல்ல பழக்கம்தான். ஆனா வேற பேட்டரிக்கான பழக்கம்.

தண்ணியே ஆகாத பேட்டரி

1970-கள்ல எண்ணெய் நெருக்கடி காலத்துல, ஒரு எண்ணெய் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துலயே ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரிக்கு அடிப்படை போட்டார். 1980-ல ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடு வழியைக் கண்டுபிடிச்சார். 1985-ல ஜப்பான்ல அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பா பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். 1991-ல சோனி கடைக்குக் கொண்டு வந்தது. 2019-ல மூணு பேருக்கும் சேர்த்து வேதியியல் நோபல். நம்ம ஊர்லயும் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு வீடு உண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 2018-ல லித்தியம் செல் செய்யுற தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாத்திக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது இவங்கதான்.

இந்த பேட்டரிக்குள்ள தண்ணிக்கு இடமே கிடையாது. லித்தியத்துக்கும் தண்ணிக்கும் ஆகாது. அதனால உள்ளே இருக்கிறது கரிமத் திரவம், எரியக்கூடிய திரவம். அதை மூடி சீல் வச்சிருப்பாங்க. ஒவ்வொரு செல்லோட வோல்டேஜையும் சூட்டையும் கண்காணிக்க ஒரு எலக்ட்ரானிக் மூளை இருக்கும். பி.எம்.எஸ்.னு சொல்றாங்க, பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்.

இங்கதான் பழைய பாடம் தலைகீழாகுது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரியை, என்.எம்.சி.ன்னு சொல்வாங்க, நூறு சதவீதம் ஏத்தி நாள்கணக்கா நிறுத்தி வச்சா அதுக்கு ஆயுசு குறையும். வெயில்ல நிறுத்தினா இன்னும் சீக்கிரம். தினசரி ஓட்டத்துக்கு எண்பது சதவீதம் போதும், நீண்ட பயணத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் நூறு ஏத்துங்கன்னு நிறைய கம்பெனிகள் சொல்றது இதனாலதான். ஊருக்குப் போறீங்க, மாசக்கணக்கா வண்டி நிக்கப் போகுதுன்னா பாதி சார்ஜ்ல விட்டுட்டுப் போகணும். முழுசாவும் வேண்டாம், காலியாவும் வேண்டாம். வெளிநாட்டுல வேலை, வருஷத்துக்கு ஒருமுறை லீவுங்கிற குடும்பங்கள் நிறைய இருக்கிற மாவட்டத்துல இது சின்ன விஷயம் இல்ல.

அதுக்குள்ளயும் ஒரு கிளைக்கதை இருக்கு. 1990-கள்ல குட்இனஃப் குழுவே லித்தியம் இரும்பு பாஸ்பேட்னு இன்னொரு வகையைக் கொண்டு வந்தது. எல்.எஃப்.பி. 2020-ல வந்த டாடா நெக்ஸான் மாதிரி பல இந்திய கார்கள்ல இருக்கிறது இதுதான். சூட்டை நல்லா தாங்கும், தீப்பிடிக்கிற அபாயம் குறைவு. ஆனா இதுல சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜ் பெருசா மாறாது. எவ்வளவு மிச்சம்னு அந்த எலக்ட்ரானிக் மூளை குழம்பிப் போகும். அதனால அப்பப்போ நூறு சதவீதம் ஏத்தி அதுக்குக் கணக்கை ஞாபகப்படுத்தணும். 'எண்பதுக்கு மேல ஏத்தாதே'ன்னு ரீல்ஸ்ல கேட்டது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. உங்க வண்டி எந்த வகைன்னு மேனுவல்ல பாருங்க.

இன்னொரு வேடிக்கை. கிட்டத்தட்ட எந்த எலக்ட்ரிக் காரையும் எடுத்துக்கோங்க, பெரிய பேட்டரி போக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும். கதவு பூட்டு, ஸ்கிரீன், கன்ட்ரோல் எல்லாம் அதுலதான் ஓடுது. பெரும்பாலான கார்கள்ல அது இன்னமும் பிளாந்தேயோட ஈய அமில பேட்டரிதான். பெரிய பேட்டரியில எண்பது சதவீதம் இருந்தும் கார் கதவே திறக்கலைன்னு யாராவது புலம்பினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது 1859-ல பிறந்த அந்தச் சின்னவனைத்தான்.

தீ எழுதின சட்டங்கள்

லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா என்ன ஆகும்? ஒரு செல் சூடாகும், அந்தச் சூடு உள்ளே வேதிவினையைத் தூண்டும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும், பக்கத்து செல்லுக்குப் பரவும். விஷப்புகை வரும். அணைக்க ஏராளமான தண்ணி வேணும், அணைஞ்ச பிறகும் மறுபடி பத்திக்கலாம். பெட்ரோல் வண்டிகளும்தான் எரியுது, நிறையவே எரியுது. ஆனா அது எரிஞ்சா என்ன செய்யணும்னு நமக்கு ஒரு நூற்றாண்டுப் பழக்கம் இருக்கு. இதுக்கு இப்போதான் கத்துக்கிட்டு இருக்கோம்.

கத்துக்கிட்டதெல்லாம் விபத்துல இருந்துதான். 2020, 2021-ல அமெரிக்காவுல செவ்ரோலே போல்ட் கார்கள் சில, சார்ஜ் போட்டு நிறுத்தின இடத்துலயே எரிஞ்சது. ஆராய்ஞ்சு பார்த்தா, ஒரே செல்லுல ரெண்டு அரிதான உற்பத்திக் குறை சேர்ந்து வந்திருக்கு. கிழிஞ்ச தகட்டு முனை ஒண்ணு, மடிஞ்ச தடுப்புத் தாள் இன்னொண்ணு. கம்பெனி எல்லா போல்ட் கார்களையும் திரும்பக் கூப்பிட்டது. அதுவரைக்கும் 90 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க, ராத்திரி வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டு விடாதீங்க, வெளியே நிறுத்துங்கன்னு சொன்னது. அதே காலத்துல ஹூண்டாய் கோனா கார்களும் உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்டது. சென்னை பக்கத்துல அசெம்பிள் ஆன அந்தக் கார்கள்ல இந்தியாவுல 456 வண்டிகளைச் சோதனைக்குக் கூப்பிட்டாங்க. அதனால 'ரீகால்' மெசேஜ் வந்தா விளம்பரம்னு நினைச்சு அழிச்சுராதீங்க.

நம்ம ஊர்ல மறக்க முடியாத தேதி 2022 மார்ச். வேலூர்ல ஒரு வீட்டுல ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில மூச்சுத்திணறி ஒரு அப்பாவும் அவரோட மகளும் இறந்துபோனாங்க. அதை அடுத்த வாரங்கள்ல நாட்டுல பல இடத்துல ஸ்கூட்டர்கள் எரிஞ்சது. மத்திய அரசு நிபுணர் குழு போட்டது. அதுக்கப்புறம்தான் ஏ.ஐ.எஸ். 156-ன்னு ரெண்டு சக்கர வண்டிகளுக்கும், ஏ.ஐ.எஸ். 038-ன்னு கார்களுக்கும் இருந்த பேட்டரி விதிகளை இறுக்கினாங்க. 2022 டிசம்பர் 1-ல முதல் கட்டம், 2023 மார்ச் 31-ல ரெண்டாம் கட்டம். செல் தரம், பி.எம்.எஸ்., சார்ஜர், ஒரு செல் எரிஞ்சா மத்ததுக்குப் பரவுற விதம்னு எல்லாத்துக்கும் சோதனை வந்தது. உலக அளவுல 2018-ல வந்த ஐ.நா. விதியில ஒரு வரி உண்டு. பேட்டரி உள்ளே சூடேறி ஆபத்தாகிறதுக்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே வண்டியில இருக்கிறவங்களுக்கு எச்சரிக்கை வரணும்.

அந்த ஐந்து நிமிஷம், முழிச்சிருக்கிறவங்களுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்குறவங்களுக்கு இல்ல. வேலூர்ல உயிரை எடுத்தது புகை. அதனால முதல் பாடம் இடம் பத்தினது. வண்டியோ, கழட்டி எடுத்த ஸ்கூட்டர் பேட்டரியோ, சார்ஜ் ஆகிற இடம் நீங்க தூங்குற அறையாவும் இருக்கக்கூடாது, வாசலுக்குப் போற வழியாவும் இருக்கக்கூடாது.

சுவத்துல இருக்கிற மூணு ஓட்டை

இப்போ போர்ட்டிகோவுல நிக்கிற நம்ம தக்கலைக்காரர்கிட்ட வருவோம். கோதையாறுல 1970-களோட தொடக்கத்துல இருந்து நீர்மின்சாரம் எடுக்கிறாங்க. ஆரல்வாய்மொழி தாண்டினா முப்பந்தல் காற்றாலைகள். மாவட்டத்துல கரண்டு உற்பத்திக்குக் குறைவில்ல. பிரச்னை கடைசி பத்து மீட்டர்ல இருக்கு.

அவர் முன்னாடி சுவத்துல இருக்கிறது மூணு வட்ட ஓட்டை உள்ள பவர் பிளக். இதுக்கும் ஒரு வரலாறு உண்டு. இது பி.எஸ். 546-ங்கிற பிரிட்டிஷ் தரத்தோட வாரிசு. அது 1934-ல வந்தது. அதாவது நாகர்கோவில் பஸ்ஸை விட நாலு வயசு மூத்தது. பிரிட்டன்காரங்க 1947-ல பியூஸ் வச்ச சதுர பின்னுக்கு மாறத் தொடங்கிட்டாங்க. நாம வட்ட பின்னைக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கிட்டோம். அதுல தப்பில்ல. ஆனா வீட்டுல 16 ஆம்ப் பிளக் பார்க்கிற வேலை என்ன? கீசர் கால் மணி நேரம், அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம். கார் அப்படி இல்ல. 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட் சார்ஜர்ல ஏத்தினா ஒன்பது பத்து மணி நேரம் இடைவெளி இல்லாம 14, 15 ஆம்ப் இழுக்கும்.

ஒரு சின்ன கணக்கு. பிளக்குக்குள்ள பிடிமானம் தளர்ந்து, தொடுற இடத்துல வெறும் 0.1 ஓம் தடை உருவாச்சுன்னு வைங்க. 5 ஆம்ப் போனா அங்க கிளம்புற சூடு 2.5 வாட், ஒண்ணும் தெரியாது. 15 ஆம்ப் போனா? சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும், 22.5 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்னுக்குக் கிட்டத்தட்ட சமம். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வச்சு, ராத்திரி முழுக்க ஆன்ல விட்டா என்ன ஆகும்? சார்ஜிங் தீன்னு கேட்டதும் எல்லாரும் பேட்டரியைத்தான் நினைக்கிறோம். ஆனா சுவத்துப் பக்கத்துலயும் தீ ஆரம்பிக்கலாம்.

அடுத்தது மேல இருக்கிற பெரிய ஓட்டை, எர்த். பழைய வீடுகள்ல ஒரு குழி தோண்டி, இரும்பு பைப் நட்டு, கரியும் உப்பும் போட்டு எர்த் வச்சிருப்பாங்க. வெயில் காலத்துல அதுக்குத் தண்ணி ஊத்தணும். பல வீட்டுல அந்த பைப் துருப்பிடிச்சுப் போயிருக்கும். சில வீட்டுல எர்த் ஓட்டை மட்டும் இருக்கும், பின்னாடி வயரே இருக்காது. அம்பது வருஷமா டிவியும் மிக்ஸியும் எதுவும் கேட்காம ஓடியிருக்கும். கார் சார்ஜர் கேட்கும். எர்த் இல்லைன்னா சிவப்பு லைட் போட்டு நின்னுரும்.

அப்போ ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க. "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளயே ஒரு துண்டு வயர்ல சேர்த்துட்டா லைட் பச்சையாயிரும் சார்." ஆமா, ஆயிரும். ஆனா வெளியே எங்கேயாவது நியூட்ரல் வயர் அறுந்தா, கார் பாடி முழுக்க கரண்டு ஏறி நிக்கும். மழையில நனைஞ்ச தரையில நின்னு கதவைத் திறக்கிறது யாரு? உங்க அம்மாவா இருக்கலாம், குழந்தையா இருக்கலாம். சார்ஜர் அந்தச் சிவப்பு லைட்டைப் போட்டதே உங்களைக் காப்பாத்தத்தான். அந்த வயர்மேன் அண்ணன் எவ்வளவு பழக்கமானவரா இருந்தாலும் இதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. புது எர்த் குழி போடற செலவு காரோட விலையில ஒரு துளிகூட இல்ல.

என்ன செய்யணும்னு 2019-லயே மத்திய மின்சார ஆணையம் தன்னோட பாதுகாப்பு விதிகள்ல சார்ஜிங் நிலையங்களுக்காக எழுதி வச்சிருக்கு. வீட்டுக்கும் அதுவே நல்ல வழிகாட்டி. ஒவ்வொரு சார்ஜிங் பாயின்டுக்கும் டிபி பாக்ஸ்ல இருந்து தனி லைன், தனி பிரேக்கர். 30 மில்லி ஆம்ப் கசிஞ்சாலே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.டி., அதுவும் 'டைப் ஏ' அல்லது அதுக்கு மேல. பிளக் தரையில இருந்து குறைஞ்சது 800 மில்லிமீட்டர் உயரத்துல. வண்டி நிக்கிற இடம் சார்ஜிங் பாயின்டுக்கு அஞ்சு மீட்டருக்குள்ள. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பல பழைய வீட்டுல மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்துல இருக்கிறது எம்.சி.பி. மட்டும்தான். அது வயரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.டி.தான். நம்ம ஊர்ல ஈ.எல்.சி.பி.ன்னு பொதுவா சொல்றாங்களே, அந்த வகை.

ரெண்டு பருவமழை, ஒரு கடல்

தக்கலைக்குன்னு தனியா ஒரு கவலை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். 2017 நவம்பர் 30-ல ஓகி புயல் வந்தப்போ மாவட்டத்துல ஆயிரக்கணக்கான மின்கம்பம் சாஞ்சது, பல ஊர்ல நாள்கணக்கா கரண்டு இல்ல. புயல் எச்சரிக்கை வந்தா முன்னாடியே சார்ஜ் ஏத்தி வச்சுக்கோங்க. இடி இடிக்கும்போதோ, கரண்டு போய்ப் போய் வரும்போதோ வண்டியைக் கழட்டி வச்சிருங்க. சாதாரண மழையில சார்ஜ் போடறது தப்பில்ல, அதுக்குத் தகுந்த மாதிரிதான் கன் செஞ்சிருக்காங்க. ஆனா சுவத்து பிளக்கும், சார்ஜர் டப்பாவும் நனையக்கூடாது.

மழைத் தண்ணியை விட மோசமானது உப்புத் தண்ணி. 2012-ல சாண்டி புயல் அடிச்சப்போ அமெரிக்காவுல நூவர்க் துறைமுகத்துல நிறுத்தியிருந்த 16 ஃபிஸ்கர் கர்மா கார்கள் எரிஞ்சது. எதுவும் சார்ஜ்ல இல்ல. கடல் தண்ணி ஏறி வடிஞ்சதுதான் காரணம். உப்புத்தண்ணி கரண்டைக் கடத்தும், காஞ்ச பிறகும் உப்பு உள்ளேயே தங்கும். கொளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருக்கிறவங்களும், சென்னையில கடலோரம் இருக்கிறவங்களும் இதை மனசுல வச்சுக்கோங்க. வெள்ளத்துல மூழ்கின காரை ஸ்டார்ட் பண்ணியும் பார்க்காதீங்க, சார்ஜ் போட்டும் பார்க்காதீங்க. வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில நிறுத்தி, சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்க.

தூக்கு விளக்கு

தக்கலைக்குப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. பெரும்பாலும் மரம். 1795-ல தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறுற வரைக்கும் அங்க ராஜாங்கம் நடந்தது. அவ்வளவு மரத்துக்கு நடுவுல எண்ணெய் விளக்குதான் வெளிச்சம். வாசல் மண்டபத்துல இன்னைக்கும் ஒரு குதிரை விளக்கு சங்கிலியில தொங்குது, போனா பாருங்க. மரவீட்டுல நெருப்போட வாழ்ந்தவங்களுக்குச் சில பழக்கம் இருந்தது. விளக்கு எங்க தொங்கணும், எண்ணெய் எவ்வளவு ஊத்தணும், படுக்கப் போறப்போ யார் பார்த்துட்டுப் போகணும்னு. நெருப்புக்குப் பயந்து இருட்டுல உட்காரல. பழகிக்கிட்டாங்க.

நாமும் அந்த இடத்துலதான் இருக்கோம். எலக்ட்ரிக் கார் வேண்டாம்னு சொல்றதுக்கு இந்த எபிசோடு இல்ல. நியூயார்க் டாக்ஸிகளுக்கு நடந்தது நமக்கு நடக்க வேண்டியதில்லைன்னு சொல்லத்தான்.

அதனால இந்த வாரம் மூணு வேலை. தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு "இருக்கு சார்"னு சொல்றது கணக்குல சேராது. ஆர்.சி.டி. இருந்தா அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, டப்புன்னு விழணும். மூணாவது, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போய், ஈரமில்லாத புறங்கையை பிளக்கோட பிளாஸ்டிக் மேல வச்சுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பா இருந்தா சரி. கை வைக்க முடியாத அளவு சூடா இருந்தாலோ, பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தாலோ, கருகின வாடை வந்தாலோ, டிபி பாக்ஸ்ல அந்த லைனை ஆஃப் பண்ணிட்டு, அந்த பிளக்கை மாத்துற வரைக்கும் அதுல சார்ஜ் போடாதீங்க.

மூணும் சரின்னா, நிம்மதியா போய்த் தூங்கலாம்.